எச்.எம். சாருக்கு நினைவு மலர் போடப் போறீங்களா, இதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க

போன வருஷம் எங்க ஊர் கவர்மெண்ட் ஸ்கூல் எச்.எம். சார் தவறிட்டாரு, காரைக்குடி பக்கம்தான், பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்ல மலர் போடலாம்னு பேச்சு வந்து கடைசில வேலை மொத்தமும் எந்தலைல விழுந்துச்சு. அதுல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன்.

குரூப்ல "சாரைப் பத்தி எழுதி அனுப்புங்க"ன்னு பொதுவா போட்டுறாதீங்க. நாங்க போட்டோம், நாப்பது பேர் அனுப்புனாங்க, நாப்பதுலயும் "கண்டிப்பானவர் ஆனா பாசமானவர்". சார் உங்ககிட்ட நேரா பேசுன ஒரு நாள் என்ன நடந்துச்சுன்னு ஒரே கேள்வியா கேளுங்க. மலேசியா, சிங்கப்பூர்ல இருக்குறவங்ககிட்ட வாய்ஸ் மெசேஜ் வாங்குங்க, டைப் பண்ணச் சொன்னா மேடைப்பேச்சு ஆயிடும். பிரம்படி கதையும் வரும், அதை வெட்டாதீங்க.

அடுத்தது தேதி. எச்.எம். ரூம்ல பேர் போர்டு தொங்கும்ல, யார் எப்பலேர்ந்து எப்ப வரைன்னு, அதை போட்டோ எடுத்துக்குங்க. நான் ஒரு அண்ணன் சொன்னத நம்பி சார் சேர்ந்த வருஷத்த தப்பா அடிச்சு, அவர் மக பார்த்துத் திருத்துனாங்க, மானமே போச்சு. வீட்ல இருக்குற பழைய ஆர்டர்ல 1985க்கு முன்னாடி ராமநாதபுரம் மாவட்டம்னு இருக்கும், அப்புறம் கொஞ்ச வருஷம் பசும்பொன் பேர்ல, 1997க்கு மேலதான் சிவகங்கை. அதைப் பார்த்துட்டு மூணு மாவட்டத்துல வேலை பார்த்தார்னு எழுதி வைக்காதீங்க! அதே மாதிரி 1978ல பிளஸ் டூ முறை வர்றதுக்கு முந்தி எஸ்எஸ்எல்சின்னா பதினொண்ணாவது.

முக்கியமான சரக்கு ஸ்கூல் ஃபைல்லதான் கெடக்கும். இப்ப இருக்குற எச்.எம்.கிட்ட லெட்டர் குடுத்து அனுமதி வாங்கிட்டு பழைய கடித ஃபைலப் பாருங்க, பசங்க மார்க் ரெக்கார்டு பக்கம் போகாதீங்க. எங்களுக்குக் கெடச்சது காம்பவுண்ட் சுவர் கேட்டு சார் எழுதுன லெட்டரோட கார்பன் காப்பி, ஏழு. வாசகம் ஒண்ணேதான், தேதி மட்டும் மாறிக்கிட்டே போகுது, ஏழாவதுல "முந்தைய ஆறு கடிதங்களின் தொடர்ச்சியாக"ன்னு கோவமே இல்லாம ஆரம்பிக்கிறாரு. கடைசில வந்த அந்தச் சுவத்த ஏறிக் குதிச்சுத்தான் நாங்க மேட்னி ஷோ போனோம், பாவம் சார். ஏழையும் அப்படியே ஸ்கேன் பண்ணி ஒரு பக்கத்துல போட்டோம்.

ஆசிரியர்களோட நிறுத்திக்காம சத்துணவுக் கூடத்துல இருந்தவங்கள தேடிப் பிடிங்க. ரிட்டயர் ஆன சமையல் அம்மா சொன்னது இதுதான்: "சார் உப்பு பாக்காம மணி அடிக்க விடமாட்டாருப்பா, ஒரு நா சாம்பார்ல காரம்னு வடிச்ச சோத்துக்கு மோர் வாங்கியாரச் சொல்லிட்டாரு, அவரு காசுல."

முன்னுரையில வள்ளல் அழகப்பர் 1947ல காலேஜ் ஆரம்பிச்சதுலேர்ந்து இழுக்காதீங்க, நம்ம ஊர்ல எல்லா மலரும் அங்கதான் ஆரம்பிக்குது. நேரா சாருக்கு வாங்க.

அச்சுக்குப் போறதுக்கு முந்தி புரூஃப் ஒண்ணு சார் வீட்டுக்குப் போகணும். வெளியூர்க்காரங்களுக்கு பிடிஎஃப் போதும், பிரிண்ட் கம்மியா போடுங்க. சமையல் அம்மாவுக்கு மட்டும் ஒரு காப்பி நேர்ல கொண்டு போய்க் குடுங்க, அவங்க குரூப்ல இல்ல.