இடைநேரம் போதுமா? பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் முன் நான் போடும் கணக்கு

என் பெற்றோர் கும்பகோணத்திலிருந்து அமெரிக்காவின் டிமாயினுக்கு என்னைப் பார்க்க வருவதென்றால், சென்னையில் ஏறி, பிராங்பேர்ட்டிலும் சிகாகோவிலும் விமானம் மாற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது. அதனால் சிகாகோவில் விமானம் மாற ஒன்றரை மணி நேரம் என்று காட்டும் டிக்கெட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, எல்லா விமானங்களும் ஒரே முன்பதிவில் இருக்கின்றனவா என்பது. ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால் மாற்று இடம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அடுத்த நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. பணமும் போகும், இருக்கையும் போகும். வயதானவர்களைத் தனித்தனி டிக்கெட்டில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அடுத்து, குறைந்தபட்ச இணைப்பு நேரம், அதாவது ஒரு விமானத்தில் இறங்கி அடுத்ததில் ஏறக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்ற அளவு. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. பிராங்பேர்ட்டில் பொதுவாக 45 நிமிடம், வியன்னாவில் 25 நிமிடமே. இதற்குக் குறைவான இணைப்பை ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். ஆனால் விற்கிறார்கள் என்பதாலேயே அது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் போதும் என்று ஆகிவிடாது. விமானம் சரியான நேரத்துக்கு வந்து, பயணியும் வேகமாக நடந்தால்தான் அந்த 45 நிமிடம் செல்லுபடியாகும்.

பிராங்பேர்ட்டில் பெட்டிகள் தாமாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். இருந்தாலும் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மறுபடியும் பாதுகாப்புச் சோதனை உண்டு. அமெரிக்க விமானத்தில் ஏறும் முன் ஆவணச் சோதனையும் உண்டு. சில நேரம் விமானத்தைத் தொலைவில் நிறுத்தி, பஸ்ஸில் கட்டடத்துக்கு அழைத்து வருவார்கள். இங்கே இரண்டரை மணி நேரம் இருந்தால் எனக்கு நிம்மதி.

சிகாகோதான் கடினம். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் கடந்து, திரும்ப ஒப்படைக்க வேண்டும். பெட்டியில் டிமாயின் சீட்டு ஒட்டியிருந்தாலும் இதே விதிதான். பிராங்பேர்ட் விமானப் பயணிகள் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தின் 5ஆம் டெர்மினலில் இறங்குவார்கள். யுனைட்டெட் உள்நாட்டு விமானம் 1 அல்லது 2ஆம் டெர்மினலில் இருந்து. நடுவில் ரயில், பிறகு இன்னொரு பாதுகாப்புச் சோதனை.

என் கணக்கு இது: தரையிறங்கிக் கதவு திறக்க 15 நிமிடம். சக்கர நாற்காலிப் பயணிகளைக் கடைசியில்தான் இறக்குவார்கள், அதற்கு 20. குடியேற்ற வரிசைக்கு 45. பெட்டிக்கும் சுங்கத்துக்கும் 20. ரயிலுக்கு 20. பாதுகாப்புச் சோதனைக்கு 25. புறப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பே வாயிலில் இருக்க வேண்டும் என்பதால் அந்த 15ஐயும் சேருங்கள். மொத்தம் 160 நிமிடம், அதுவும் பிராங்பேர்ட் விமானம் தாமதிக்காதபோது. எனவே மூன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து நான் ஏற்பதில்லை. தனியாக, கைப்பையோடு வரும் இளைஞருக்கு இரண்டு மணி நேரம் போதலாம்.

இதில் ஊகமாகத் தோன்றுபவற்றைச் சரிபார்க்க வழி உண்டு. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் விமான நிலையவாரியாக, மணிவாரியாகக் குடியேற்ற வரிசையின் காத்திருப்பு நேரம் கிடைக்கிறது. நீங்கள் இறங்கும் மணியைப் பாருங்கள். அந்த ஊருக்கு வந்து சேரும் விமானத்தின் எண்ணை, விமானங்களின் போக்குவரத்தைக் காட்டும் பிளைட்ராடார்24 இணையதளத்தில் இட்டால், அண்மை நாள்களில் அது உண்மையில் எத்தனை மணிக்கு வந்தது என்று தெரியும். அடிக்கடி அரை மணி பிந்துகிறது என்றால் அந்த அரை மணியையும் இடைநேரத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

பலர் பார்க்காமல் விடுவது, இந்த விமானம் தவறினால் அன்றைக்கு அடுத்தது உண்டா என்பது. பின்னால் இன்னும் இரண்டு விமானங்கள் இருந்தால் சற்று நெருக்கமான இணைப்பையும் ஏற்கலாம். கடைசி விமானம் என்றால், இரவு முழுக்க இரண்டு பெரியவர்கள் தெரியாத ஊரில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பதில் ஐந்து மணி நேரக் காத்திருப்பு எவ்வளவோ மேல். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் அது பதிவாகியிருக்கிறதா என்று பயணத்துக்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.