பிரசவத்துக்கு முன் பட்ஜெட் போடுவது எப்படி? முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு

கர்ப்பம் உறுதியானதுமே பலர் தேட ஆரம்பிப்பது தொட்டில், ஸ்ட்ரோலர், குட்டிக் குட்டி உடுப்புகள். கைபேசியும் அன்றிலிருந்து அவற்றையே காட்டும். ஆனால் ஒரு நோட்டில் கணக்கு எழுதிப் பார்த்தால் வேறு விஷயம் தெரியவரும். மொத்தச் செலவில் குழந்தைச் சாமான்களின் பங்கு மிகக் குறைவு. பெரிய பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அடுத்த பெரிய பணம், சம்பளம் குறையும் அல்லது நிற்கும் மாதங்களுக்குப் போகிறது. அதனால் பட்ஜெட்டையும் அந்த வரிசையில்தான் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் மாதச் சம்பளத்தில் ஓடும் ஒரு சாதாரணக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் ஊர் விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: கையில் எத்தனை மாதம் இருக்கிறது?

டாக்டர் கொடுத்த தேதியைக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். 37 வாரம் முடிந்தாலே நிறைமாதம்தான், அதன்பின் எந்த நாளும் வலி வரலாம். எனவே 36-வது வாரத்துக்குள் பணம் சேர்ந்திருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் முடிந்து உட்கார்ந்து எழுதுகிறீர்கள் என்றால், உங்கள் கையில் இருப்பது சுமார் 6 சம்பளம்.

அதே நாளில் பேசி முடிக்க வேண்டிய இன்னொன்று: எந்தச் செலவு யாருடையது? முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கம் இன்னும் பல வீடுகளில் வழக்கம். வளைகாப்பு, ஆஸ்பத்திரி, பத்தியச் சாப்பாடு என்று எல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள் தலையில் விழுகிறது. ஓய்வு பெற்ற அப்பா வட்டிக்கு வாங்கிச் செய்வதை அந்த வீட்டுப் பெண் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறாள். இது கொஞ்சமும் நியாயமில்லை. கணவனும் மனைவியும் ஒரு தொகையைத் தாங்களே முடிவு செய்து, "ஆஸ்பத்திரிச் செலவு எங்களுடையது" என்று இரண்டு வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் அதைச் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளைதான்.

படி 2: வரவு எவ்வளவு?

மனைவி வேலை பார்க்கிறார் என்றால் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது மகப்பேறு விடுப்பு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2017 திருத்தத்தில் வந்த உரிமை இது. அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்குப் பணம் ஈ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து வரும். கம்பெனி மாதா மாதம் போடுமா, ஈ.எஸ்.ஐ.யில் விண்ணப்பித்து வாங்க வேண்டுமா என்பதை எச்.ஆரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் வருவது உறுதி என்றாலும், வராத மாதத்தில் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும் அல்லவா?

தையல், டியூஷன், கடை என்று சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் குறைந்தது 3 மாத வீட்டுச் செலவைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அப்புறம் அரசு உதவி. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதாக இருந்தாலும் இது வேண்டும். நாளைக்குப் பிறப்புப் பதிவில் இந்த எண்ணைக் கேட்பார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு கிடைக்கிறது. 14,000 பணமாக, தவணை தவணையாக. மீதி, தலா 2,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். இதை வரவில் எழுதுங்கள், ஆனால் பிரசவச் செலவுக்கு நம்பி வைக்காதீர்கள். தவணை எந்த மாதம் கணக்கில் ஏறும் என்பது நம் கையில் இல்லை.

படி 3: ஆஸ்பத்திரியில் சரியான கேள்விகளைக் கேளுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு சனிக்கிழமையை முழுதாக ஒதுக்கலாம், தப்பில்லை.

பில்லிங் கவுண்டரில் போய் "டெலிவரி பேக்கேஜ் எவ்வளவு?" என்று கேட்டால் சுகப்பிரசவத் தொகையை முதலில் சொல்வார்கள். அதை எழுதிக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 64 சதவீதம். ஆகவே பட்ஜெட்டில் எழுத வேண்டியது சிசேரியன் தொகையைத்தான். சுகப்பிரசவம் ஆனால் மிச்சப் பணம் வீட்டுச் செலவுக்கு வரும்.

பேக்கேஜ் தாளின் கீழே சின்ன எழுத்தில் "இதில் அடங்காதவை" என்று நாலைந்து வரி இருக்கும். பணம் கசிவது அங்கேதான். குழந்தை மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர், மருந்துச் சீட்டு, ரத்தம், கூடுதல் நாள் அறை வாடகை, இவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்பதை விடவே கூடாது. பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் முதல் வாரத்தில் லேசான மஞ்சள் காமாலை தெரியும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு ஓரிரு நாள் ஒளிச் சிகிச்சை தேவைப்படும். அந்த இரண்டு நாளுக்கான பணம் தனியாக இருந்தால், அந்த நேரத்தில் நகையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். சொந்தமாக எடுத்த பாலிசிகளில் மகப்பேறுக்குப் பெரும்பாலும் நீண்ட காத்திருப்புக் காலம் உண்டு. கர்ப்பமான பிறகு எடுத்தால் இந்தப் பிரசவத்துக்குப் பயன்படாது. கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பல இடங்களில் முதல் நாளிலிருந்தே தருகிறார்கள், ஆனால் உச்சவரம்பு இருக்கும். பிறந்த அன்றே குழந்தைக்கும் காப்பீடு சேருமா என்று சேர்த்துக் கேளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியைப் பட்டியலிலிருந்து யோசிக்காமல் அடிக்காதீர்கள். 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அங்கே பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், தாய்க்குச் சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டி எல்லாம் இலவசம். நீங்கள் பார்க்க வேண்டியது கூட இருப்பவரின் சாப்பாடு, போக்குவரத்துதான். கூட்டமும் தனியறை இல்லாததும் உண்மைதான். ஆனால் கடன் வாங்கித் தனியாருக்குப் போவதா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு, ஒரு தடவை அந்த வார்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

படி 4: குழந்தைச் சாமான்: முதல் 6 வாரத்துக்கு மட்டும்

"பிறக்கும் முன்னே குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது" என்று வீட்டில் பெரியவர்கள் தடுத்தால் சண்டை போட வேண்டாம். பட்ஜெட்டுக்கு அது நல்லதுதான். பணத்தையும் பட்டியலையும் தயாராக வைத்தால் போதும். இவற்றை எல்லாம் ஒரே மாலையில் பக்கத்துக் கடையில் வாங்கிவிடலாம். குழந்தைக்கு முதலில் பழைய துணி போடும் வழக்கமும் அப்படித்தான். பல தடவை துவைத்த பருத்தி, புதுத் துணியைவிட மிருதுவாக இருக்கும். அக்கா வீட்டிலோ சித்தி வீட்டிலோ ஒரு பை கிடைத்தால் சந்தோஷமாக வாங்கி, துவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.

எதுவுமே கையில் இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது:

முன்பக்கம் கட்டும் சட்டை 8: ரூ. 720
துணி நாப்பி 24: ரூ. 840
போர்த்தவும் துவட்டவும் பருத்தித் துணி 6: ரூ. 900
ரப்பர் ஷீட் 2: ரூ. 500
குல்லா, சாக்ஸ்: ரூ. 300
கொசுவலையோடு சின்ன மெத்தை: ரூ. 900
குளியல் தொட்டி: ரூ. 450
டிஜிட்டல் தெர்மாமீட்டர்: ரூ. 200
குழந்தை நகவெட்டி: ரூ. 100
சோப்பு, எண்ணெய்: ரூ. 400
தூளி மாட்டக் கொக்கி, ஸ்பிரிங்: ரூ. 400 (துணிக்கு அம்மாவின் பழைய புடவை)
முதல் மாத டயபர், இரவுக்கு மட்டும்: ரூ. 600

மொத்தம் 6,310 ரூபாய்.

டயபரைக் கொஞ்சம் விளக்க வேண்டும், மாதா மாதம் கையைக் கடிப்பது அதுதான். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8, 10 தடவை மாற்ற வேண்டியிருக்கும். ஒன்று 10 ரூபாய் என்றால், நாள் முழுக்க டயபர் போட்டால் 8-க்குக் கணக்குப் பார்த்தாலே மாதம் 2,400. பகலில் துணி, இரவில் 2 டயபர் என்றால் 600. துவைக்க ஆளோ மெஷினோ இருக்கிறதா, மழைக்காலமா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்; ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கும் குழந்தைக்குத் துணி காயவே காயாது, இன்னும் ஒரு டஜன் சேர்த்து வைக்க வேண்டும். "ஆஃபர்" என்று நியூபார்ன் அளவில் பெரிய பெரிய பாக்கெட்டாக வாங்கிக் குவிக்காதீர்கள். அது சுமார் 5 கிலோ வரைதான் பொருந்தும், பல குழந்தைகள் இரண்டு மாதத்துக்குள் அதைத் தாண்டிவிடும்.

பால் பவுடர், பால் புட்டி, ஸ்டெரிலைசர் எதையும் முன்கூட்டியே வாங்க வேண்டாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். மருத்துவக் காரணத்தால் பவுடர் தேவைப்பட்டால் டாக்டர் சொன்ன பிறகு வாங்கிக்கொள்ளலாம். பவுடரை மட்டுமே நம்பும் குழந்தைக்கு 400 கிராம் டப்பா நாலைந்து நாளில் தீரும். மாதம் 3,000 ரூபாயைத் தாண்டும். தாய்ப்பால் கொடுக்க முதல் நாளிலிருந்தே செவிலியரின் உதவியைக் கேட்டு வாங்குவது பட்ஜெட்டுக்கும் பெரிய உதவி.

வாக்கர், முகத்துக்குப் பவுடர், கண் மை, தலையணை ஆகிய நான்கையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குழந்தைக்கு இவை தேவையில்லை, கெடுதலும் உண்டு. ஸ்ட்ரோலர், உயர நாற்காலி, பொம்மை எல்லாம் 6 மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: அம்மாவுக்கு என்று ஒரு வரி

பல பட்டியல்களில் இந்த வரியே இருக்காது. பிரசவத்துக்குப் பிறகு போடும் பெரிய நாப்கின், முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு, பாலூட்டும் உள்ளாடை, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, பத்தியத்துக்குப் பூண்டு, நல்லெண்ணெய், பிரசவ லேகியம், கருவாடோ கீரையோ உங்கள் வீட்டு வழக்கப்படி. குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு அம்மா வருவதாக இருந்தால் அவருக்குத் தினக்கூலி. வீட்டு வேலைக்குக் கொஞ்ச நாள் ஆள். எல்லாம் சேர்த்து 10,000 எழுதுங்கள். பணம் பற்றாத நிலை வந்தாலும் வெட்டக் கூடாத வரி இதுதான்.

படி 6: கூட்டிப் பார்த்து, வெட்டுங்கள்

ஆஸ்பத்திரி 65,000. அவசரத்துக்கு 20,000. மிச்சமுள்ள ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை 12,000. அம்மாவுக்கு 10,000. குழந்தைச் சாமான் 6,310. ஆகக் கூடி 1,13,310. 6 மாதத்துக்கு வகுத்தால் மாதம் கிட்டத்தட்ட 18,900.

இவ்வளவு முடியாது என்றால் குழந்தைச் சட்டையில் 200 ரூபாய் குறைத்து எதுவும் ஆகப்போவதில்லை. அறையை மாற்றிப் பாருங்கள், வேறு நர்சிங் ஹோமில் விசாரியுங்கள், அரசு ஆஸ்பத்திரியை எழுதிப் பாருங்கள். அந்த ஒரே வரியில்தான் ஆயிரக்கணக்கில் இறங்கும். அடுத்தது விசேஷம். வளைகாப்பை மண்டபம் பிடித்துச் செய்வதா, வீட்டில் ஏழு வகைச் சாதத்தோடு முடிப்பதா? தங்க அரைஞாண் இப்போதே வேண்டுமா? விசேஷப் பணத்தை எக்காரணம் கொண்டும் ஆஸ்பத்திரிப் பணத்தோடு கலக்காதீர்கள்.

சேர்க்கும் பணத்தைச் சம்பளக் கணக்கில் விட்டால் கரைந்துவிடும். வங்கியில் 6 மாத ஆர்.டி. (மாதா மாதம் ஒரு தொகை கட்டும் தொடர் வைப்பு) போடலாம். அஞ்சலக ஆர்.டி. 5 வருடக் கணக்கு, இதற்குத் தோதுப்படாது. அவசரத் தொகையை மட்டும் எந்த நேரமும் எடுக்கும்படி சேமிப்புக் கணக்கில் வையுங்கள்.

படி 7: பிறந்த பிறகு பணம் மிச்சமாகும் இரண்டு இடம்

தடுப்பூசி. பிறந்ததும் போடும் பி.சி.ஜி., போலியோ, ஹெபடைடிஸ் பி, பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), ரோட்டா, 6, 14 வாரங்களில் நிமோகாக்கல் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனியாரில் போட்டால் ஒவ்வொரு தடவைக்கும் சில ஆயிரம் ஆகும். எங்கே போடப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்து, தனியார் என்றால் அதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

பிறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதியலாம், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். ஆஸ்பத்திரிப் பையில் பிக்மி எண், இருவர் ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, செலவுக்குச் சில்லறையாக ஒரு 2,000 ரூபாய், இவற்றை ஒரே கவரில் போட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கிளம்பும்முன், பெற்றோர் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் பதிவாகியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள்.