இரவில் வெண்புகை காட்டிய கமரா

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்பக்கப் பாதுகாப்புக் கமரா பகலில் நல்ல தெளிவு. இரவானால் ஒரே வெண்புகை. பழுது என்று கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகவே வெளிக்கிட்டேன். காரணம் வேறு. வெள்ளைச் சுவரோடு ஒட்டிப் பூட்டியிருந்ததால் இருட்டில் படம் பிடிக்க அது வீசும் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டு லென்சுக்கே திரும்பியது. போதாததற்குச் சிலந்தி வலை வேறு.

சுவரைவிட்டு ஓர் அடி முன்னே தள்ளி, 9 அடி உயரத்தில், படலையைப் பார்க்க வைத்தேன். முந்தி 12 அடியில் இருந்தபோது ஆட்களின் உச்சந்தலைதான் தெரிந்தது, முகமில்லை! நேர் கிழக்கே பார்த்தால் கடல்மேல் எழும் காலை வெயில் படத்தைக் கெடுக்கும். அதனால் சற்று வடக்கே திருப்பினேன். அப்புறம், உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்பு ஆணி சரிவராது. துருப்பிடிக்காத உருக்கு ஆணியே போட்டேன். இப்போது நடுச்சாமத்தில் படலையடியில் படுக்கும் மாட்டின் காதுகூடத் தெரிகிறது.