கண்ணை மூடி ஆடிப் பார்த்து வாங்குங்கள்

பார்வையற்ற ஒருவருக்குக் கையடக்க மின்னணு விளையாட்டுக் கருவி வாங்க விரும்புவோர், கடையிலேயே கண்களை மூடிக்கொண்டு ஒரு சுற்று ஆடிப் பார்ப்பது நல்லது. விளக்கும் ஒலியுமாக வரும் வரிசையை நினைவில் வைத்து அதே வரிசையில் பொத்தான்களை அழுத்த வேண்டிய, 1978இல் வெளிவந்த சைமன் (Simon) கருவியில் நான்கு வண்ணப் பொத்தான்களுக்கும் வெவ்வேறு சுருதியில் ஒலி உண்டு என்பதால், விளக்கைப் பாராமல் காதால் கேட்டே வரிசையை நினைவில் கொள்ள முடியும். ஆயினும் கருவி கையில் திரும்பிவிட்டால் எந்த ஒலி எந்தப் பொத்தானுக்குரியது என்பது குழம்பிவிடும். ஆகவே ஒரே ஒரு பொத்தானின் மீது மட்டும் (நான்கிலும் ஒட்டினால் பயனில்லை) ஒட்டும் தன்மையுள்ள சிறு ரப்பர் புள்ளியைப் பதித்துவிட்டால், மற்ற மூன்றின் இடமும் விரலுக்குத் தெரிந்துவிடும். ஒலித்துளைகளை மூடிவிடக் கூடாது. திரையில் மட்டுமே ஆட்டம் நிகழும் கருவிகளுக்கு இந்த ஒட்டுவேலை உதவாது. அவற்றை விடுத்து, செய்ய வேண்டியதைக் குரலிலேயே சொல்லும் பாப் இட் (Bop It) போன்றவற்றைத் தேடுவதே மேல்.