காங்கோ ரெட்: கை தவறும் இடங்கள்

லிட்மஸ் பார்த்துப் பழகிய கண்ணை காங்கோ ரெட் என்ற சாயம் எளிதில் ஏமாற்றிவிடும். லிட்மஸ் அமிலத்தில் சிவக்கும். இதுவோ அமிலத்தில் நீலமாகிவிடும். பிஎச் 3-க்குக் கீழே நீலம், 5.2-க்கு மேலே சிவப்பு, இடையில் ஊதா. "சிவப்பு வந்தது, எனவே அமிலம்" என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிற மாணவர்கள் உண்டு. சரி, சிவப்பு என்றால் காரமா? அதுவும் இல்லை. பிஎச் 6 உள்ள லேசான அமிலக் கரைசலிலும் இது சிவப்பாகவேதான் இருக்கும். ஆகவே தண்ணீர் நடுநிலையா என்று பார்க்க இதை எடுக்காதீர்கள்.

1883-இல் ஜெர்மனியில் பவுல் பாட்டிகர் இதைத் தயாரித்தார். நிறமூன்றி (சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் பொருள்) இல்லாமலே பருத்தியில் பிடித்த சாயம் என்பதால் பெரிய வரவேற்பு. அக்ஃபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த சமயம் பெர்லினில் காங்கோ பற்றிய மாநாடு. ஊரெல்லாம் அதே பேச்சு, பெயரும் அதுவே ஆனது. அமிலம் பட்டால் நிறம் மாறும் துணியை எத்தனை நாள் உடுத்துவார்கள்? நல்ல சாயங்கள் வந்ததும் இது துணியை விட்டுப் போனது. 1922-இல் பென்ஹோல்ட் என்ற மருத்துவர், சில நோய்களில் திசுவில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தில் இது ஒட்டுவதைக் காட்டினார். இன்றுவரை நோய்க்குறியியல் லேபில் இதற்கு இடம் இருப்பது அதனால்தான்.

அங்கே நடக்கும் முதல் தவறு, திசுவை மெல்லிய சீவலாக வெட்டும் மைக்ரோடோமிலேயே தொடங்கிவிடுகிறது. வழக்கமான ஸ்லைடுக்கு 3, 4 மைக்ரான் வெட்டுவோம். அதே கையோடு காங்கோ ரெட்டுக்கும் வெட்டினால், அமிலாய்டு கொஞ்சமாக உள்ள பயாப்சியில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். இதற்கு 8 முதல் 10 மைக்ரான் வேண்டும். அதற்காக இன்னும் தடிமனாக வெட்டினாலும் ஆகாது. சாயம் பிடித்த அமிலாய்டு போலரைசர் வழியே பச்சையாகத் தெரிய வேண்டும், அந்த இடம் மஞ்சளடிக்கும்.

அடுத்தது கரைசல். பச்லர் முறை என்ற சாயமேற்றும் முறையில், உப்பு கரைத்த 80 சதவீத ஆல்கஹாலில் சாயம் இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடை வேலைக்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். சேர்த்து வடிகட்டியபின் 15 நிமிடத்துக்குள் ஸ்லைடு உள்ளே போய்விட வேண்டும். வேலை பழகிய நாளில் நான் காலையில் கலந்ததை மதியத்துக்கும் வைத்துக்கொண்டேன். ஸ்லைடு முழுக்க மங்கலான இளஞ்சிவப்பு. கண்ட்ரோல் ஸ்லைடும் (அமிலாய்டு இருப்பது முன்பே தெரிந்த திசு) அப்படியே வந்ததால்தான் தப்பு பிடிபட்டது. அந்தக் கண்ட்ரோலையும் மாதக்கணக்கில் முன்கூட்டியே வெட்டி டப்பாவில் அடுக்கி வைக்காதீர்கள், நாளாக ஆக அது சாயம் பிடிப்பது குறையும். அப்புறம், செல் உட்கருவை நீலமாக்கும் ஹீமடாக்சிலின் சாயத்தை அள்ளிப் பூசினால் நீலம் ஏறிப்போய்ப் பச்சையை அமுக்கிவிடும்.

கடைசித் தவறு பார்ப்பதில். சாதாரண வெளிச்சத்தில் செம்மஞ்சளாகத் தெரிவதெல்லாம் அமிலாய்டு அல்ல. திசுவின் நார்ப்புரதமான கொலாஜனும் கொஞ்சம் சாயம் பிடிக்கும். மைக்ரோஸ்கோப்பில் ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் வடிகட்டிகளான இரண்டு போலரைசர்களையும் குறுக்காக வைத்து, விளக்கை முழுதாக ஏற்றி, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். கொலாஜன் வெள்ளி போல மின்னும், அமிலாய்டு பச்சையடிக்கும். ஒரே கோணத்தில் பார்த்து "இல்லை" என்று எழுதிவிடாமல் ஸ்டேஜைச் சுழற்ற வேண்டும். ஒரு கோணத்தில் இருட்டாக இருந்த நார், சுழற்றியதும் பச்சையாகும்.

செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் நொதியைத் தேடும் நுண்ணுயிரியல் மாணவர்களுக்கும் ஒன்று: நுண்ணுயிர் வளர்த்த தட்டில் சாயத்தை ஊற்றியதோடு நிறுத்தாமல் உப்புக் கரைசலால் நன்றாகக் கழுவினால்தான் செல்லுலோஸ் சிதைந்த இடத்தின் வெளிறிய வளையம் தெளியும்.

பொடியை எடை போடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். இது பென்சிடினிலிருந்து செய்த சாயம். பென்சிடின் புற்றுநோய் உண்டாக்குவது. விரலில் பட்ட கறைக்கு எலுமிச்சை தேய்க்கப் போகாதீர்கள், அமிலம் பட்டால் சிவப்புக் கறை நீலக் கறையாகும், அவ்வளவுதான்.