டீசல் முள் தப்பாகக் காட்டுகிறதா? டேங்கில் கை வைக்கும் முன்

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு போன ஒரு ராத்திரி, என் பழைய டீசல் பிக்கப் வழியில் நின்றுவிட்டது. முள் சிவப்புக் கோட்டில்தான் இருந்தது. ஆனால் பல மாதமாகவே அது குறைத்துத்தான் காட்டிக்கொண்டிருந்தது. சிவப்பில் இருந்தாலும் உள்ளே பத்து லிட்டராவது கிடக்கும் என்று பழகிப்போயிருந்தேன். அன்று டேங்க் நிஜமாகவே காலி. கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றியும் வண்டி கிளம்பவில்லை, டீசல் குழாயில் ஏர் பிடித்துவிட்டது. ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை ஏர் எடுத்தேன். சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது.

முதல் தவறு அந்தப் பழக்கம்தான். பழுதான முள் எப்போதும் ஒரே அளவு தப்பாகக் காட்டாது. இன்றைக்குப் பத்து லிட்டர் குறைத்துக் காட்டுவது அடுத்த மாதம் இரண்டு லிட்டர் குறைத்துக் காட்டும். டேங்கை அடிக்கடி வறளவிட்டால் அடியில் தங்கிய தண்ணீரும் கசடும் ஃபில்டருக்கு ஏறும். அந்தச் செலவு தனி.

இரண்டாவது தவறு, மறுநாளே நான் செய்தது. நேராகக் கடைக்குப் போய்ப் புது டேங்க் ஃப்ளோட் வாங்கி மாட்டினேன். இரண்டு வாரத்தில் முள் பழையபடி. மட்டமான சாமான் என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரீசியன் ஒரு துண்டு வயரை வைத்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். ஃப்ளோட்டில் எந்தக் குறையும் இல்லை, டேங்கிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் போயிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். டேங்குக்குள் மிதவை ஏறி இறங்கும்போது அதன் கை ஒரு ரெசிஸ்டன்ஸ் சுருளின் மேல் நகரும். டாஷ்போர்டில் இருக்கும் முள் அந்த ரெசிஸ்டன்ஸைத்தான் அளக்கிறது. டீசலை அது நேராகப் பார்ப்பதில்லை. கரண்ட் முள் வழியாக வந்து, ஒற்றை வயரில் டேங்குக்கு இறங்கி, சுருளைக் கடந்து, எர்த் வழியாகத் திரும்புகிறது. இந்தப் பாதையில் எங்கே துரு ஏறினாலும் அந்தத் துருவின் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் சேர்ந்துவிடும். பழைய பிக்கப்பில் டேங்கைப் பட்டை போட்டு, இடையில் ரப்பர் வைத்து இறுக்கியிருப்பார்கள். அதனால் டேங்குக்கு எர்த் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன வயரால். அந்த வயரின் முனை சேஸிஸில் மாட்டியிருக்கும் இடம்தான் சேறும் மழைத்தண்ணீரும் தெறிக்கும் இடம். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்த போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் போய்விடும்.

சோதிப்பது எளிது. சாவியைப் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை டேங்க் யூனிட்டின் (மிதவையும் சுருளும் சேர்ந்த அந்த ஃப்ளோட்டின்) உடம்பிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் தொட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் அந்த போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, வயர் முனைக்குப் புதிய லக் (வளைய முனை) வைத்து இறுக்குங்கள். மல்டிமீட்டர் இல்லையா? அந்தப் பெரியவர் செய்தது போல ஒரு வயரை முதலில் டேங்க் யூனிட்டில் மாட்டிவிட்டு, மறு முனையைத் தள்ளி இருக்கும் சேஸிஸில் தொடுங்கள். முள் சரியான இடத்துக்கு வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பொறி பறந்தாலும் டேங்க் பக்கம் பறக்கக்கூடாது, அதனால்தான் இந்த வரிசை.

அடுத்து, வேறு வண்டிக்குப் போட்ட வீடியோவைப் பார்த்து நம் வண்டியைச் சோதிப்பது. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எல்லா வண்டியிலும் ரெசிஸ்டன்ஸ் கணக்கு (ஓம் அளவில்) ஒன்றல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய அமெரிக்க பிக்கப்களில் காலி டேங்குக்கு 0 ஓம், நிறைந்தால் 90. பழைய ஃபோர்டில் நேர் தலைகீழ்: காலிக்கு ஏறக்குறைய 73, நிறைந்தால் 10. அதே ஃபோர்ட் 1980களின் பிற்பகுதியில் காலிக்கு 16, நிறைந்தால் 158 என்று மாற்றிக்கொண்டது. ஆக, வயர் அறுந்தால் ஒரு வண்டியில் முள் ஃபுல்லைத் தாண்டி நிற்கும், இன்னொன்றில் காலிக்குக் கீழே படுக்கும். என் வண்டி இரண்டாவது வகை, எர்த் கெடக் கெடக் குறைத்துக் காட்டியது. முதல் வகையில் இது இன்னும் ஆபத்து. எர்த்தில் 20 ஓம் கூடினால் காலி டேங்கைக் கால் டேங்க் என்று காட்டிவிடும்.

உங்கள் வண்டி எந்த வகை என்று பார்க்க, டேங்க் யூனிட்டுக்குப் போகும் வயரின் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போடுங்கள். முள் ஒரு கடைசிக்குப் போகும். பிறகு அந்த வயரை ஒரு சிறிய பல்ப் வழியாக எர்த்தில் தொட்டால் முள் எதிர்ப்பக்கம் நகர வேண்டும். நகர்ந்தால் முள்ளும் வயரும் வேலை செய்கின்றன, சந்தேகம் டேங்க் யூனிட் மேலும் அதன் எர்த் மேலும் மட்டும். நகராவிட்டால் டேங்கைத் தொடவே வேண்டாம். பல்ப் இல்லாமல் வயரை நேரடியாக எர்த்தில் வைத்துப் பிடித்திருக்காதீர்கள். பழைய மாடல் முள்ளின் உள்சுற்று கருகிவிடும்.

டெம்பரேச்சர் முள்ளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் காரணம் டாஷ்போர்டுக்குப் பின்னால்தான்: கிளஸ்டரின் (முள்கள் இருக்கும் மீட்டர் பெட்டியின்) எர்த், அல்லது பழைய வண்டியாக இருந்தால் இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசர்.

இவ்வளவும் பார்த்த பிறகும் டேங்க் யூனிட் மேலேதான் சந்தேகம் என்றால், அப்போது கழற்றலாம். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சுற்றியிருக்கும் மண்ணை பிரஷ் போட்டு, காற்றடித்து எடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் விழும். டீசல் வண்டியில் பல யூனிட்களில் டீசல் போகும் குழாயும் திரும்பும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அடையாளம் வைக்காமல் உருவி, மாற்றி மாட்டிவிட்டால் வண்டி ஏர் இழுத்துத் திணறும். பெட்ரோல் வண்டி என்றால் திறந்த டேங்க் அருகே பீடி, ஹேண்ட் லாம்ப், இரும்பு உளி எதுவும் கூடாது. ஆவி கண்ணுக்குத் தெரியாது.

யூனிட்டை வெளியே எடுத்ததும் ஓம் மீட்டரில் வைத்து மிதவையின் கையை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். எண் சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் குதித்தால் அந்த இடத்தில் சுருள் தேய்ந்திருக்கிறது. இங்கேதான் பலர் உப்புத்தாளை எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சுருளின் கம்பி முடியைப் போல மெல்லியது, இரண்டு இழுப்பில் அறுந்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் புது யூனிட்தான். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சளசளவென்று சத்தம் வந்தால் ஓட்டை, மாற்றிவிடுங்கள். பித்தளை மிதவையின் ஓட்டையை ஈயப் பற்று வைத்து அடைக்கிறேன் என்று உள்ளே எரிபொருளோடு சூடு காட்டினால் வெடிக்கும்.

மிதவையின் கம்பியை வளைத்து 'செட்டிங்' செய்வது இன்னொரு கெட்ட பழக்கம். காலிக்குச் சரிசெய்தால் ஃபுல் தப்பிப்போகும். முள் ஃபுல்லில் வெகுநேரம் நின்று, பாதிக்குக் கீழே வேகமாக இறங்குவது பல வண்டிகளில் இயல்பு. டேங்கின் வடிவமும் கம்பி வளைந்து இறங்கும் பாதையும் அப்படி. அதைப் பழுது என்று திருத்தப் போகாதீர்கள்.

காயலான் கடையில் யூனிட் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் வடிவம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், காலி, ஃபுல் என்ற இரண்டு கடைசியிலும் ஓம் அளந்து பழையதோடு ஒப்பிட்டு எடுங்கள். யூனிட்டுக்கும் டேங்குக்கும் இடையில் வரும் பேக்கிங் மட்டும் புதிது போட வேண்டும். பழையதையே வைத்தால் டேங்க் நிறையும்போது டீசல் கசியும், மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும்.

எல்லாம் மாட்டியதும் நேரே பங்க்குக்குப் போய் ஃபுல் அடித்துவிட்டு, முள் மேலே போய்விட்டது, சரி, என்று விட்டுவிடாதீர்கள். டேங்கை வடித்துவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்து முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். நான் எழுதிய தாள் இன்னும் சன்வைசருக்குள் இருக்கிறது. சிவப்புக் கோட்டின் மேல்முனையைத் தொடும்போது என் டேங்கில் எட்டு லிட்டர்.