சிமெண்டு டப்பா நங்கூரமாகாது: ஆற்று மீன்பிடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கொள்ளிடக் கரையில் ஓர் இளைஞர் தன் புதிய ஃபைபர் படகில் நங்கூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அருகில் போய்ப் பார்த்தால், சிமெண்டும் ஜல்லியும் ஊற்றி இறுகவைத்த பத்து லிட்டர் பெயிண்டு டப்பா. நடுவில் வளைத்து வைத்த கம்பி, அதில் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு. "இருபத்து நான்கு கிலோ இருக்கிறது அண்ணே, யானை இழுத்தாலும் அசையாது" என்றார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே துறையில் ஏறக்குறைய இதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன். என் டப்பாவின் நிறம் வேறு, அவ்வளவுதான்.

மறுமுனையைப் படகில் கட்டாமலேயே நங்கூரத்தை வீசிவிட்டுக் கையைப் பிசைவது, கயிற்றுச் சுருளுக்குள் காலை வைத்து நிற்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார். செய்யும்போது புத்திசாலித்தனமாகத் தோன்றும் தவறுகள்தான் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன.

எடையை நம்புவது

அது ஆடி மாதம். மேட்டூர் நிரம்பி, உபரி நீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் வந்துகொண்டிருந்தது. பெருவெள்ளம் இல்லை, ஆனால் கோடையில் பார்த்த ஆறும் இல்லை. நானும் என் மைத்துனரும் பாலத்துக்கு மேலே சிறிது தூரத்தில் டப்பாவை இறக்கிவிட்டுத் தூண்டில் போட்டோம். கெளுத்தி நன்றாகக் கடித்தது. படகு இழுபடுவது உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. தண்ணீரும் போகிறது, படகும் போகிறது, எல்லாம் அமைதியாக இருக்கிறது. தலையை நிமிர்த்தியபோது பாலத்தின் தூண் வீட்டுச் சுவரைப்போலப் பக்கத்தில் நின்றது. இன்ஜினை இயக்குவதற்குள் பக்கவாட்டில் மோதினோம். உயிர் பிழைத்தோம். இன்ஜின் தாங்கி உடைந்தது, காற்றாடி (புரொப்பெல்லர்) வளைந்தது. பழுதுபார்க்க ஆன பதினான்காயிரம் ரூபாயில் நல்ல நங்கூரம் நான்கு வாங்கியிருக்கலாம். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது, டப்பாவின் மீதல்ல, என் கணக்கின் மீது.

கணக்கு எளிது. பத்து லிட்டர் டப்பா தண்ணீரில் மூழ்கினால் பத்து லிட்டர் தண்ணீரை விலக்குகிறது. அந்தப் பத்து கிலோவை ஆறு தாங்கிக்கொள்கிறது. கரையில் இருபத்து நான்கு கிலோ இருந்தது ஆற்றடியில் பதினான்கு கிலோதான். இரும்பு அடர்த்தி மிக்கது. அதே இருபத்து நான்கு கிலோ இரும்பாக இருந்தால் மூன்று கிலோ அளவுக்குத்தான் குறையும். அதுவும் போகட்டும். மிச்சமிருக்கும் பதினான்கு கிலோவும் மணலைக் கவ்விப் பிடிப்பதில்லை. வழவழப்பான டப்பா மணல்மேல் உட்கார்ந்திருக்கிறது, இழுத்தால் உராய்வு மட்டுமே எதிர்க்கிறது. உராய்வு என்பது அந்தப் பதினான்கில் ஒரு பங்குதான். இதற்கு எதிரே நீரோட்டம் இருக்கிறது. அதன் வேகம் இரண்டு மடங்கானால் படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் பிடித்து நின்ற டப்பா மாலையில் நடக்க ஆரம்பிப்பது இதனால்தான்.

நங்கூரம் புதைந்து பிடிக்கிற கருவி. கலப்பை எடையாக இருப்பதாலா உழுகிறது? கொழு மண்ணுக்குள் இறங்கும் கோணத்தால் உழுகிறது. இந்த ஒப்பீடு என்னுடையதல்ல. பாய்மரப் படகோட்டுவதில் ஆசை கொண்ட ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1933இல் வடிவமைத்த நங்கூரத்துக்கே கலப்பை நங்கூரம் என்றுதான் பெயர். குறைந்த எடையில் அதிகப் பிடிமானம் வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். மணலில் ஒழுங்காகப் புதைந்த நான்கு கிலோ தட்டு நங்கூரம் (கொக்கிகளுக்குப் பதில் தட்டையான இதழ்கள் கொண்டது) தன் எடையைப்போலப் பல மடங்கு இழுவையைத் தாங்கும்.

ஒழுங்காகப் புதைய வேண்டும் என்றால் இழுவை தரையோடு தரையாக வர வேண்டும். இங்கேதான் இரண்டாவது முறையும் ஏமாந்தேன். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு உண்மையான நங்கூரம் வாங்கினேன். கயிற்றை மட்டும் பழைய அளவிலேயே வைத்திருந்தேன். ஆழம் மூன்று மீட்டர், தண்ணீருக்கு மேலே அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் அரை மீட்டர், ஆக மூன்றரை மீட்டர். நான் விட்ட கயிறு ஐந்து மீட்டர். கயிறு ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் நின்றது. அந்தச் சாய்வில் இழுத்தால் எந்த நங்கூரமும் பிடுங்கிக்கொண்டு வரும்; நாம் நங்கூரத்தை எடுக்கும்போது செய்வதும் அதைத்தானே? இந்த மூன்றரை மீட்டரைப்போல ஐந்து மடங்கு விட்டால், அதாவது பதினேழரை மீட்டர், சாய்வு 12 பாகைக்குக் கீழே வந்துவிடும். ஓட்டம் கூடினால் ஏழு மடங்கு. அமைதியான குட்டையில் மூன்று மடங்குகூடப் போதும். ஓடுகிற ஆற்றில் அதை நம்பிக் கண்ணை மூடாதீர்கள். "இவ்வளவு கயிறா!" என்று கேட்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை. ஐம்பது மீட்டர் கயிறு வாங்கச் சொல்கிறேன்.

நங்கூரத்தை வீசவும் வேண்டாம். மீன் இருக்கும் இடத்தைத் தாண்டி ஓட்டத்துக்கு எதிராகப் போய் மெல்ல இறக்குங்கள். தரை தட்டியதும் படகை ஓட்டத்தோடு பின்னே போகவிட்டு, கயிற்றைக் கையில் நழுவவிட்டபடியே கொடுங்கள். கடைசியில் கட்டியபின் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நங்கூரம் பிடித்திருந்தால் கயிறு ஒரே சீராக விறைத்திருக்கும். இழுபட்டால் விட்டுவிட்டுத் தடதடவென அதிரும். பிறகு கரையில் இரண்டு பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் குறி பாருங்கள், முன்னே ஒரு பனை, பின்னே ஒரு மின்கம்பம் என்று. இரண்டும் விலகத் தொடங்கினால் நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

தரையைப் பார்க்காமல் வாங்குவது

கடையில் முதலில் எடுத்து நீட்டுவது குடைபோல மடங்கும் நான்கு கொக்கி நங்கூரம். மடக்கிப் பையில் போடலாம் என்பதால் எல்லாருக்கும் பிடிக்கிறது. பாறையில் அது நல்ல நங்கூரம். ஒகேனக்கல் போன்ற கற்படுகைகளில் வேறெதுவும் எளிதில் பிடிக்காது. ஆனால் கீழ்க்கொள்ளிடத்தின் மணலில் அதன் மெல்லிய கொக்கிகள் சோற்றில் முள்கரண்டிபோலக் கோடு போட்டுக்கொண்டே வரும். மணலுக்கும் களிமண்ணுக்கும் தட்டு நங்கூரம். இரண்டாம் உலகப் போரில் கரையேறும் படகுகள் சுமந்தது இந்த வகையைத்தான். கழிமுகத்தை நெருங்கும்போது, பிச்சாவரம் பக்கத்துச் சேற்றில், அதே வகையில் அகலமான தட்டு உள்ளதாகப் பாருங்கள்.

தரை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈயக் குண்டின் அடியில் கிரீஸ் தடவி நூலில் இறக்குங்கள். மணல் என்றால் ஒட்டிக்கொண்டு வரும். சேறு என்றால் நாறிக்கொண்டு வரும். ஒன்றுமே ஒட்டாமல் கிரீஸ் மட்டும் நசுங்கி வந்தால் பாறை.

கழிமுகத்தில் இன்னொன்று: ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) திரும்பும்போது படகும் திரும்பும், நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். அது மறுபடி தானே புதையும் என்று நம்பித் தூங்கியவர்களை அடுத்த வளைவில் பார்த்திருக்கிறேன்.

சங்கிலி இல்லாமல்

வேண்டும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே, இரண்டு மீட்டராவது.

மஞ்சள் கயிறு

அது மிதக்கும். சங்கிலி கீழே அழுத்த, கயிறு மேலே தூக்க, இரண்டும் சண்டை போடும். ஓட்டம் தளர்ந்தால் கயிறு நீர்மட்டத்தில் பாம்புபோல நெளிந்து காற்றாடியில் சுற்றும். வெயிலில் கிடந்தால் பொடிந்தும் போகும். விரலால் தேய்த்துப் பாருங்கள், தூள் உதிரும். நைலான் மூழ்கும், நீண்டு கொடுக்கும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பத்து மில்லிமீட்டர் பருமன் போதும். அதைவிட மெல்லியதும் அறுந்துவிடாது, ஆனால் ஈரக் கையை அறுக்கும்.

பின்புறத்தில் கட்டுவது

இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டலாம் என்ற சோம்பலில் நங்கூரக் கயிற்றைப் படகின் பின்புறத்தில் கட்டாதீர்கள். பின்பலகை தாழ்ந்தது, தட்டையானது, இன்ஜினும் அங்கேதான் தொங்குகிறது, பெரும்பாலும் நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓட்டம் அந்தத் தட்டைப் பலகையில் மோதி ஏறும். கயிறு பின்புறத்தைக் கீழே இழுக்கும். முதல் அலை உள்ளே வந்ததும் எடை கூடும், இன்னும் தாழும், அடுத்தது இன்னும் எளிதாக வரும். தண்ணீரை இறைக்க நேரமே இருக்காது. பக்கவாட்டில் கட்டினாலும் படகு கவிழும். அணியத்தில் கட்டுங்கள், ஓட்டத்தைப் பிளப்பதற்காகத்தானே அதைக் கூராகச் செய்திருக்கிறார்கள்.

வெளிவர வழி வைக்காதது

பாறையிலோ, மூழ்கிய மரத்திலோ, பழைய வலையிலோ நங்கூரம் ஒருநாள் சிக்கும். குதித்து விடுவிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. அணைக்கரைப் பக்கத்து மக்களைக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது இது. சங்கிலியின் நுனியை நங்கூரத் தண்டின் மேல்வளையத்தில் மாட்டாமல், கீழே கொக்கிகள் சேரும் தலைப்பகுதியில் ஷேக்கிள் (திருகாணியால் மூடும் U வடிவ இரும்பு வளையம்) போட்டு மாட்டுங்கள். சங்கிலியைத் தண்டின் நீளத்துக்குக் கொண்டுவந்து, மேல்வளையத்தோடு மெல்லிய நைலான் நூலால் சில சுற்றுகள் கட்டுங்கள். வழக்கமான இழுவை மேல்வளையம் வழியாகவே போகும். சிக்கிக்கொண்டால், படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து கயிற்றைச் சுருக்கிக் கட்டி, அணியத்திலிருந்து வலுவாக இழுங்கள். நூல் அறுந்து, இழுவை தலைப்பகுதிக்கு மாறி, நங்கூரம் வந்த வழியே பின்னோக்கிக் கழன்றுவிடும். எத்தனை சுற்று என்பதைக் கரையில் ஒரு மரவேரில் மாட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று சுற்று சரியாக இருந்தது. என் மைத்துனர் நூல் என்று எண்ணி வலைக்கயிற்றைச் சுற்றிவைத்து, நங்கூரத்தையும் சங்கிலியையும் ஆற்றுக்கே கொடுத்துவிட்டு வந்தார்.

ஷேக்கிளின் திருகாணியைக் கம்பியால் முறுக்கிவிடுங்கள். தானே கழன்றுகொள்ளும் ஷேக்கிள்களும் உண்டு.

துருப்பிடிக்காத எஃகு

ஆற்றுக்குத் தேவையில்லை. துத்தநாகம் பூசியது போதும். மிச்சக் காசுக்குக் கயிறு.

கத்தி

அணியத்தில், உறையோடு, கைக்கு எட்டும் இடத்தில். அறுக்கும் இடத்துக்கு அப்பால், நங்கூரப் பக்கமாக, கயிற்றில் ஒரு மிதவையும் கட்டியிருங்கள். மேலிருந்து அடித்துக்கொண்டு வரும் மரத்தைக் கண்டதும் அறுத்துவிட்டு ஓடலாம். மிதவை அங்கேயே நிற்கும், தண்ணீர் வடிந்தபின் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்த இளைஞரின் டப்பா இப்போது துறையில்தான் கிடக்கிறது. யாரோ அதில் ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள்.